சீர் வண்டி

சிக்கலில் பேருந்து நிற்கும் இடத்துக்குத் தெற்கே, ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே, பல வருஷமாக டீசல் வண்டிகளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருப்பவர் தங்கசாமி. அவரைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுத்தான். அவர் கை வைத்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு மனுஷருக்கு உச்சி குளிர்ந்து கிடந்தது. பெருமை நல்லதுதான். சோறு போடும், நாலு பேர் முன்னால் நாற்காலி எடுத்துப் போடச் சொல்லும். ஆனால் பெற்ற மகளைவிட அது பெரிதாகிப் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி தேடித் தங்கசாமி வீட்டை விட்டு வேறெங்கும் போகவேண்டியதில்லை.

வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். மிளகாயும் பருத்தியும் போடுகிற நிலம். அண்ணன்மார் இருவரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வயதில் இவர் கிணற்றடி ஆயில் இஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழை ஏன் வரவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. இஞ்சின் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணத்தைப் பிடித்துவிட்டால் ஓடும். அந்த நியாயம் அவருக்குப் பிடித்துப்போனது. பரமக்குடியில் ஒரு லாரிப் பட்டறைக்குப் போய், அடியும் வசவும் வாங்கித் தொழில் படித்து, ஊருக்கே திரும்பிக் கொட்டகை போட்டார். நீளமான திருப்புளியின் முனையை ஓடுகிற இஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். டிராக்டரானாலும் வேனானாலும், உள்ளே எது தேய்ந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

பிடிபடாத கோளாறும் வரும். அப்படி வந்தால் தெரியவில்லை என்று சொல்லமாட்டார். "நாளைக்கி வாங்க" என்பார். அன்றைக்குச் சோறு இறங்காது. வீட்டில் மனைவி இருளம்மாள் தட்டை வைத்தால் ஒரு சத்தம், வைக்காவிட்டால் ஒரு சத்தம். மறுநாளோ அதற்கு மறுநாளோ கோளாறு பிடிபட்ட பிறகுதான் அந்த வீட்டில் மூன்று பேரும் ஒழுங்காக மூச்சு விடுவார்கள். தெரியலை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து கேட்டவர் யாருமில்லை.

மூன்றாவது ஆள் மகள் கலைச்செல்வி. ஒரே பிள்ளை. வீடு கொட்டகைக்குப் பின்னாலேயே இருந்ததால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அங்கேதான் நிற்பாள். டார்ச் லைட் பிடிப்பாள், ஸ்பேனர் எடுத்துத் தருவாள், வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கிரீஸ் நாத்தம் என்று இருளம்மாள் முனகுவாள். தங்கசாமி சிரித்துக்கொண்டே மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருப்பார். டேங்கிலிருந்து டீசல் வருகிற ரப்பர் குழாயில் கிளிப் ஒரு விரற்கடை பின்னால் தள்ளியிருந்தால் போதும், காற்றை இழுக்கும், வண்டி நிற்கும், ஆனால் ஒரு சொட்டு டீசல் வெளியே வராது, அதனால் எப்பேர்ப்பட்டவனும் திணறுவான் என்று ஒரு தடவை சொன்னார். சொன்னதை அவர் மறந்துபோனார். அவள் மறக்கவில்லை.

அபிராமத்தில் உரக்கடை வைத்திருக்கிற காளிதாசுக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். நகை நட்டு பேசி முடிந்த பிறகு, மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக ஒரு காரைப் பற்றி ஆரம்பித்தாள். புதுக் கார் தங்கசாமி தலைக்கு மேலே போகிற காரியம். ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் வைத்திருந்த பழைய வெள்ளைக் காரை வாங்கிக் கொண்டுவந்து, இஞ்சினை இறக்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தன் கையாலேயே திரும்பப் பூட்டினார். குடும்பமே ஏறிப் போகலாம், பின்னால் இன்னும் இரண்டு மூட்டை போடலாம். கல்யாணத்தன்று வாசலில் மாலை போட்டு நின்ற காரைப் பார்த்து, தங்கசாமி வண்டிக்கு என்ன குறை என்று ஊர் சொன்னது. சம்பந்தியம்மாள் மட்டும் பழசைத் தலையில் கட்டிவிட்டார் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சீர் கொடுத்த பொருளுக்கு அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கட்டில் கால் ஆட்டம் கண்டாலும் பீரோ பூட்டு மாட்டிக்கொண்டாலும் பெண்ணைப் பெற்றவன்தான் சரி பண்ணித் தரவேண்டும். அதிலும் மாமனாரே மெக்கானிக் என்றால் கேட்கவா வேண்டும். கார் முனகினால் சிக்கலுக்கு வரும். அதுவும் தனியாக வராது. சீரைத் தனியாக அனுப்பினால் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று கலைச்செல்வியையும் சேர்த்து ஏற்றி அனுப்புவாள் மாமியார். காளிதாஸ் இரண்டையும் கொட்டகையில் விட்டுவிட்டுப் பேருந்து ஏறிப் போய்விடுவான். வண்டி ஓடத் தொடங்கியதும் தகவல் போகும். வந்து இரண்டையும் கூட்டிப் போவான்.

ஆக, கார் நின்றால் கலைச்செல்வி வீட்டுக்கு வருவாள். கார் ஓடினால் போய்விடுவாள். கணக்கு இவ்வளவு பட்டவர்த்தனமாக இருந்தும், சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிற மனுஷருக்கு வெகுநாள் அது உறைக்கவில்லை.

முதல் தடவை வந்தது நிஜமான கோளாறு. அபிராமத்துக் குடும்பம் ராமேஸ்வரம் போய்விட்டு வந்திருந்தது. கடலில் முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத் துணியோடு அப்படியே காரில் ஏறி, தங்கியிருந்த ரூமுக்குப் போய்த்தான் துணி மாற்றியிருக்கிறார்கள். அதற்கு அப்புறம் கார் நினைத்த நேரம் ஓடும், நினைத்த நேரம் நிற்கும். தங்கசாமி டீசல் லைனைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், பிறகு என்னவோ தோன்றி பின் சீட்டுக்குக் கீழே விரிப்பைத் தூக்கினார். உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. கீழே ஓடிய வயர் இணைப்பு பச்சைக் களிம்பு ஏறி அரித்திருந்தது. கடலையே வண்டிக்குள் கூட்டி வந்துவிட்டார்களே என்று சிரித்தார். அதை முழுக்க மாற்றிக் காயவைத்துப் பூட்டச் சில நாள் ஆனது.

அந்தச் சில நாளும் கலைச்செல்வி தூங்கினாள். விடிந்தும் தூங்கினாள், மத்தியானம் சாப்பிட்ட கையோடும் தூங்கினாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட இருளம்மாளுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு வீக்கம் தட்டுப்பட்டது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள் மகள். இருளம்மாள் அதை நம்பவில்லை. புருஷனிடம் போய்ச் சொன்னாள். மாப்பிள்ளைக்கு யாவாரத்துல என்ன சிரமமோ, முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும், நாம போய்க் கேட்டா பெருசாயிரும் என்று சொல்லிவிட்டு வயரில் டேப் சுற்றப் போய்விட்டார். காரின் அடிவயிற்றில் இருக்கிற அரிப்பெல்லாம் தெரிந்தது அவருக்கு.

அடுத்த தடவை கார் திணறித் திணறி வந்து சேர்ந்தது. டீசல் ஃபில்டரைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்தார். அடியில் தண்ணீர் தனியாக நின்றது. தங்கசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. காளிதாஸ் வாலிநோக்கத்தில் இன்னாசி என்ற படகுக்காரனிடம் எப்போதாவது கேனில் டீசல் வாங்குவான் என்று அவருக்குத் தெரியும். படகில் கிடந்த கேன் என்றால் கடல் தண்ணீர் புகாமல் இருக்குமா. மாப்பிள்ளை என்று பார்க்காமல் போனிலேயே பிடித்துக்கொண்டார். அவன் அந்தப் பழக்கத்தை விட்டு வெகுநாளாகிறது என்று சாதித்தான்.

தங்கசாமி டம்ளரின் அடித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். டீசல் நாற்றம் அடித்தது. உப்புக் கரிக்கவில்லை. அந்தச் சீமையில் போர்க்குழாயில் வருகிற தண்ணீரே உப்பில் வாயில் வைக்க விளங்காது. குடிக்கிற தண்ணீர் குழாயில் வருகிற அன்று பிடித்து, குடத்தில் மூடி, வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுகிற பொருள். அந்த நல்ல தண்ணீர் டீசல் டேங்குக்குள் எப்படிப் போகும் என்று ஒரு கேள்வி அவருக்குள் எழுந்தது. டீசல் கலந்ததில் நாக்கு மரத்திருக்கும் என்று அதை அப்படியே அமுக்கிவிட்டார். டேங்கை இறக்கிக் கழுவி, குழாயெல்லாம் ஊதி, கூடிய சீக்கிரம் ஓடவைத்து மகளை ஏற்றி அனுப்பினார். போகும்போது அவள் அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்ததை அவர் பார்க்கத்தான் செய்தார்.

மூன்றாவது தடவை கார் வந்தபோது டீக்கடை மூக்கையா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "என்ன தங்கசாமி, ஊரார் வண்டியெல்லாம் ஒழுங்கா ஓடுது, ஒன் சொந்த வண்டி ஒன்னய விட்டுப் பிரியமாட்டேங்குதே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தங்கசாமியும் சிரித்தார். ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த பேரை ஒரு வெள்ளைக் கார் தெருவில் போட்டு இழுக்கிறதே என்று பொருமினார். இந்த முறை பிடிக்கிற பிடியில் இனி அது தன் கொட்டகைப் பக்கமே வரக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டார்.

காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஃபில்டர் மேலிருக்கிற கைப்பம்பை அமுக்கி அமுக்கி டீசலை மேலே ஏற்றினால் ஓடுகிறது, கொஞ்ச தூரத்தில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. வழியெல்லாம் கலைச்செல்விதான் இறங்கி இறங்கிப் பம்பை அடித்துக் கொண்டுவந்து சேர்த்தாளாம். எப்படித்தான் கற்று வைத்திருக்கிறாளோ என்று சொன்ன காளிதாஸ், இந்தத் தடவை இரண்டு நாளில் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

லைனில் காற்று ஏறுகிறது என்பது மட்டும் தெளிவு. எந்த வழியாக ஏறுகிறது என்பது தெரியவில்லை. எங்கேயும் ஒழுகலில்லை. கை வைத்துத் தடவினால் ஈரமில்லை. ஒரு நாள் முழுக்கப் போனது. அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. மறுநாள் பக்கத்துக் கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழம் வாங்கி வந்தார். டீசல் லைனை ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி, நடுவில் அந்தக் குழாயைச் செருகி, இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். அவர் சொந்தமாகக் கண்டுபிடித்து வைத்திருந்த வழி இது. ஃபில்டர் பக்கம் செருகியபோது டீசலோடு சேர்ந்து குமிழி குமிழியாகக் காற்று ஓடியது. டேங்க் பக்கம் தள்ளிச் செருகியபோது குமிழியே இல்லை. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில்தான். பானட்டுக்குள் தலையை விட்டு, துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இரும்புக் குழாயும் ரப்பர் குழாயும் சேருகிற இடத்தில், கிளிப் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்திருந்தது. பல வருஷமாக அது இறுக்கிக்கொண்டிருந்த பழைய தடம் ரப்பரில் பள்ளமாகத் தெரிந்தது. தடம் ஒரு பக்கம், கிளிப் ஒரு பக்கம். வண்டி குலுங்கினால் கிளிப் நழுவாது. அந்தக் கம்பிக் கிளிப்பின் இரண்டு காதையும் விரலால் சேர்த்து அமுக்கினால்தான் நகரும்.

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஒரு விரற்கடை என்ற அளவு யாருடைய வாயிலிருந்து வந்தது என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொன்றாக வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் காரைக் கழுவிப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் கட்டுவது மருமகள் வேலை என்று சம்பந்தியம்மாள் ஒரு நாள் பெருமையாகச் சொன்னது. உப்புக் கரிக்காத தண்ணீர். தூங்கித் தூங்கித் தீராத மகள். காதுக்குப் பின்னால் வீக்கம். தங்கசாமி பக்கத்தில் கிடந்த டயரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

கலைச்செல்வி சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வந்து நின்றாள். கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள், திறந்து கிடந்த பானட்டைப் பார்த்தாள், அவருடைய முகத்தைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"யாரு வேலத்தா இது?" என்றார்.

"நாந்தான்யா."

"தண்ணியுமா?"

"அதுவுந்தான். குடிக்கிற தண்ணியில ரெண்டு சொம்பு."

மறைக்கவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. கண்டுபிடிப்பார் என்றுதான் அவள் காத்திருந்திருப்பாள் போலிருக்கிறது. நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கடையில் சரக்குப் போடுகிறவனிடம் காளிதாஸ் பேச்சு வாங்கினால் வீட்டில் அவளுக்கு அறை விழும். மாமியார் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். அவளுடைய போன் மாமியாரின் இடுப்பில் இருக்கும். பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசவேண்டும். ஊருக்குப் போய் வருகிறேன் என்று கேட்டால், மாசா மாசம் போவதற்கு எதற்குக் கல்யாணம் என்பார்கள். ராமேஸ்வரம் போய் வந்து கார் நின்றபோதுதான் அவளுக்கு வழி புரிந்திருக்கிறது. அவள் வாய் திறந்து கேட்டு அனுப்பாத இடத்துக்குக் கார் வாய் மூடினால் அனுப்புகிறார்கள். முன்னமே சொல்லியிருக்கலாமே என்றார் தங்கசாமி. அம்மா வீக்கத்தைப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்து சொன்னாளே என்றாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்யா கேக்கேன்" என்றாள். "நாளைக்கி அவுக வரும்போது கோளாறு பிடிபடலைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. தெரியலைன்னு சொல்லுங்க. வண்டி இங்கனயே கெடக்கட்டும். அது கெடக்கிற மட்டும் நானும் கெடப்பேன். அப்புறம் ஆகுறத அப்புறம் பாப்பம்."

தங்கசாமி கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். பிறகு, "செய்வம்த்தா" என்றார்.

அந்த ஒரு சொல்லை நம்பிக்கொண்டு அன்றைக்குச் சாயங்காலம் அந்த வீடு கொஞ்சம் சிரித்தது. இருளம்மாள் மகளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கலைச்செல்வி கொண்டுவந்த பையிலிருந்து துணிகளை எடுத்து மடித்துப் பழைய அலமாரியில் அடுக்கினாள். தங்கசாமி கிளிப்பைத் தொடாமல் பானட்டை மூடிவைத்தார். செய்யத்தான் நினைத்தார். அதில் பொய் இல்லை.

மறுநாள் காளிதாஸ் வந்தபோது கொட்டகையில் ஆள் இருந்தார்கள். டிராக்டர் கொண்டுவந்த தங்கப்பாண்டி இருந்தார். டம்ளர் எடுக்க வந்த மூக்கையாவும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார். கலைச்செல்வி வீட்டு வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"பிடிபட்டுச்சா மாமா?" என்றான் காளிதாஸ்.

தங்கசாமி வாயைத் திறந்தார். தெரியலை என்ற சொல் வரவில்லை. "இன்னும் பாக்கணும் மாப்ள" என்றார். அதுவே அவருக்குப் பெரிய பாடு. தங்கப்பாண்டி நிமிர்ந்து பார்த்தார். மூக்கையா டம்ளரைக் கையில் உருட்டினார். இரண்டு நாள் பார்த்தும் தங்கசாமிக்குப் பிடிபடாத வண்டியா என்று அந்த முகங்களில் எழுதியிருந்தது.

காளிதாஸ் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்லவிதமாகத்தான் சொன்னான். "பரவால்ல விடுங்க மாமா. ஒங்களுக்கும் வயசாகுதுல்ல. ராமநாதபுரத்துல கம்ப்யூட்டர் வச்சுப் பாக்குற பையன் ஒருத்தன் இருக்கான். கயித்தக் கட்டி அவன்ட்ட இழுத்துட்டுப் போயிருவம். அவன் அரை மணி நேரத்துல சொல்லிருவான்."

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம் மனுஷர். ஒரு பேச்சுத்தானே, துடைத்துப் போட்டுவிட்டு, இழுத்துப் போங்கள் மாப்பிள்ளை, பெண் இங்கே நாலு நாள் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். வாழ்நாளெல்லாம் கேட்டுப் பழகிய காதுக்கு அது சூடு போட்ட மாதிரி ஆகிவிட்டது. வயதாகிறது என்பதையும் பொறுத்திருப்பார். அரை மணி நேரம் என்பதைப் பொறுக்க முடியவில்லை.

"யாருக்குப் பிடிபடல?" என்றார் தங்கசாமி. "நேத்தே பிடிச்சாச்சு. இங்கன வாங்க மாப்ள, காட்டுறேன்."

பானட்டைத் தூக்கினார். கண்ணாடிக் குழாயைச் செருகி இஞ்சினை ஓடவிட்டுக் குமிழியைக் காட்டினார். தங்கப்பாண்டி கிட்டே வந்து எட்டிப் பார்த்து ஆச்சரியத்தில் உச்சுக் கொட்டினார். கிளிப் நகர்ந்ததைக் காட்டி, வேகத்தடையில் கண்மண் தெரியாமல் ஏற்றியிருப்பீர்கள், அதில் தள்ளிக்கொண்டது என்று சொன்னார். மகளைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டதாக அந்த நேரத்தில் அவருக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அப்புறம் கை நிற்கவில்லை. அரை வேலை செய்யத் தெரியாத கை அது. கம்பிக் கிளிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, திருப்புளி இல்லாமல் அசைக்க முடியாத ஸ்க்ரூ கிளாம்பைப் போட்டு இறுக்கினார். அந்த ஒன்றோடு விடவில்லை. லைன் நெடுகிலும் எல்லா இணைப்புக்கும் போட்டார். போன தடவை தண்ணீர் போனதே, அதற்கு என்ன செய்யலாம் என்று காளிதாஸ் கேட்டதும், கொட்டகை அலமாரியிலிருந்து பூட்டு வைத்த டேங்க் மூடி ஒன்றை எடுத்து மாட்டி, சாவியை மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்.

"இனி நிக்காது மாப்ள" என்றார்.

நிமிர்ந்தபோது வாசல் நிலையில் கலைச்செல்வி இல்லை. உள்ளே அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். இருளம்மாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். கூடவே வாழ்ந்த பொம்பளை அப்படிப் பார்ப்பதற்கு வசவே மேல். கலைச்செல்வி அழவில்லை. போய்ட்டு வாரேன்மா என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது. சத்தம் சீராக, மெத்தென்று இருந்தது. தங்கப்பாண்டி, என்ன சத்தம் பாரு என்று ரசித்தார்.

அதற்கப்புறம் கார் வரவில்லை. கொஞ்ச நாள் அது தங்கசாமிக்குச் சரியாகத்தான் பட்டது. மூக்கையாவும் கேலியை விட்டுவிட்டார். பிறகு சாப்பிட உட்கார்ந்தால் மகள் துணி அடுக்கியிருந்த அலமாரியின் காலியான தட்டு எதிரே தெரியத் தொடங்கியது. தானாகவே போன் போட்டார். வண்டி எப்படித்தா ஓடுது என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருப்பார்கள் என்று தெரியும், அதைவிட வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. "நல்லா ஓடுதுய்யா" என்றாள் அவள். அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில். இருளம்மாள் அவரோடு பேச்சை விட்டுவிட்டாள். தட்டை வைப்பாள், எடுப்பாள்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் சட்டைப் பையில் சின்னத் திருப்புளி ஒன்றைப் போட்டுக்கொண்டு அபிராமத்துக்குப் பேருந்து ஏறினார். சும்மா சர்வீஸ் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று பானட்டைத் திறந்து, போட்ட கையாலேயே ஒரு கிளாம்பைத் தளர்த்திவிடுவதாக எண்ணம். வாசலில் கார் இல்லை. யாவார விஷயமாகப் போயிருக்கிறார்கள் என்றாள் சம்பந்தியம்மாள். மகள் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இளைத்திருந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பையில் கிடந்த திருப்புளியோடு திரும்பி வந்தார்.

தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம். கொட்டகையில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு தூரத்திலேயே சத்தம் அடையாளம் தெரிந்துவிட்டது. திருப்புளியைக் காதில் வைக்க வேண்டியதில்லை. தன் கையால் பூட்டிய இஞ்சின். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார். "இருளம்மா, பிள்ள வருது" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். இருளம்மாள் அரிசி களைந்த ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

வெள்ளைக் கார் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. கதவைத் திறந்து இறங்கியது முன்பின் பார்த்திராத ஒரு வாலிபன். பின் சீட்டில் அவனுடைய அம்மாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். தன் பேர் இர்பான் என்றான், கீழக்கரை என்றான். அபிராமத்து உரக்கடைக்காரரிடம் போன மாதம்தான் வண்டியை வாங்கினானாம். நல்லா ஓடும்போதே தள்ளிவிட்டுப் புது வண்டி எடுக்கப்போவதாகச் சொல்லி விற்றார்களாம்.

"பழைய வண்டி எதுக்குன்னு வாப்பா யோசிச்சாங்க அய்யா. சிக்கல் தங்கசாமி கை பட்ட வண்டின்னு சொன்னதும் மறுபேச்சு பேசல. ஒரு கோளாறும் இல்ல. ஆயில் மட்டும் மாத்தணும், அத ஒங்க கையாலயே மாத்திருவோம்னு வந்தேன்."

இருளம்மாள் காருக்குள் ஒரு தடவை குனிந்து பார்த்தாள். பிறகு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தங்கசாமி பானட்டைத் திறந்தார். அவர் போட்ட கிளாம்ப் ஒவ்வொன்றும் போட்டது போட்டபடியே இருந்தது. ஒன்றுகூடத் தளரவில்லை. இர்பான் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, உம்மாவை அடிக்கடி மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டியிருக்கிறது, நடுவழியில் எங்கேயும் நின்றுவிடாதல்லவா என்று கேட்டான்.

"நிக்காது" என்றார் தங்கசாமி.